இரட்டைப் பகா எண் வேட்டை: தன்னார்வலர்களைச் சேர்த்து ஒரு தேடலை நடத்துவது எப்படி

11, 13. 17, 19. 29, 31. இப்படி இரண்டு மட்டும் இடைவெளி விட்டு நிற்கும் பகா எண் சோடிகளை இரட்டைப் பகா எண்கள் என்கிறோம். இவை முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா என்பதை இன்றுவரை யாரும் நிறுவவில்லை. 7 கோடிக்குக் குறைவான இடைவெளி கொண்ட சோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று 2013-இல் யிடாங் ஜாங் நிறுவினார். பிறகு பலர் கூடி அந்த 7 கோடியை 246 வரை இறக்கினார்கள். அங்கிருந்து 2-க்கு வர வழி தெரியவில்லை. அது கணிதவியலாளர்கள் பாடு. மிகப்பெரிய சோடி ஒன்றைத் தேடிப் பிடிப்பது வேறு வேலை. வீட்டில் ஒரு கணினி இருந்தால் யாரும் அதில் சேரலாம்.

'ட்வின் பிரைம் சர்ச்' என்ற தன்னார்வத் தேடல் 2006 ஏப்ரலில் தொடங்கியது. அப்போது ஹங்கேரியக் குழு ஒன்றின் கையில் இருந்த சாதனை 51 ஆயிரத்துச் சொச்சம் இலக்கங்கள். தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு பகா எண் தேடும் பிரைம்கிரிட் திட்டமும் சேர்ந்துகொள்ள, 2007 ஜனவரி 15 அன்று 58,711 இலக்கங்கள் கொண்ட 2003663613 × 2^195000 ± 1 கிடைத்தது. 2009 ஆகஸ்டில் 65516468355 × 2^333333 ± 1 (1,00,355 இலக்கங்கள்). 2011 கிறிஸ்துமஸ் அன்று 3756801695685 × 2^666669 ± 1 (2,00,700 இலக்கங்கள்). 2016 செப்டம்பரில் 2996863034895 × 2^1290000 ± 1 (3,88,342 இலக்கங்கள்). எல்லாமே தன்னார்வலர்களின் கணினிகள் கண்டவை.

தேவையான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் ஒருங்கிணைப்பாளரின் வேலை நிரல் எழுதுவது அல்ல, சில முடிவுகளை எடுப்பது. அவற்றில் பெரும்பாலானவை முதல் தன்னார்வலர் வருவதற்கு முன்பே எடுக்க வேண்டியவை.

படி 1: வடிவத்தையும் அடுக்கையும் தேர்வு செய்யுங்கள்

மேலே உள்ள நான்கு சாதனைகளும் ஒரே அச்சு: க × 2^அ ± 1. இங்கே 'க' குணகம், 'அ' அடுக்கு. இந்த வடிவத்தை விட்டு வேறு எங்கும் போகாதீர்கள். லட்சம் இலக்க எண் ஒன்று பகா எண்தான் என்று பொதுவான முறைகளில் நிறுவுவது பெரும்பாடு. இந்த வடிவத்தில் இரண்டு பக்கத்துக்குமே மலிவான, முழுமையான நிரூபணம் உண்டு. +1 பக்கத்துக்கு பிரோத் தேற்றம். 1878-இல் அதை வெளியிட்ட பிரான்சுவா பிரோத், பிரான்சின் வெர்டன் பக்கம் வாழ்ந்த, தானாகவே கணிதம் கற்ற ஒரு விவசாயி. −1 பக்கத்துக்கு லூகாஸ்–லேமர்–ரீசல் சோதனை. ஜான் பென்னே எழுதிய எல்எல்ஆர் என்ற நிரல் இரண்டையும் செய்யும்.

குணகம் 3-ஆல் வகுபட வேண்டும். அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3-ஆல் வகுபடும். இரு ஓரங்களும் பகா எண்கள் என்றால் அந்த ஒன்று நடுவில் இருப்பதுதான். சாதனை எண்களின் குணகங்களை எடுத்து இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 30, 54, 69, 72. எல்லாம் 3-இன் மடங்கு. குணகம் ஒற்றைப்படையாகவும் இருக்கட்டும், இல்லையென்றால் அதில் உள்ள 2 அடுக்குக்குள் போய்விடும்.

அடுக்கை ஒரே எண்ணில் நிறுத்திவிட்டு, குணகத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஏன் என்பது சல்லடைப் படியில் தெரியும். எந்த அடுக்கு? இங்கேதான் ஆசை கண்ணை மறைக்கும். இலக்கங்களை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு சோதனையும் நான்கு மடங்குக்கும் மேல் நேரம் எடுக்கும். ஒரு குணகம் இரட்டை தருவதற்கான வாய்ப்பும் நான்கில் ஒன்றாகிவிடும். ஆக மொத்த உழைப்பு 16 மடங்குக்கும் மேல். 2006-இல் ட்வின் பிரைம் சர்ச் குழு அப்போது இருந்த சாதனையை ஏழாயிரம் இலக்கம் மட்டும் தாண்டும் 195000-ஐ எடுத்தது, ஒரு வருடத்துக்குள் முடித்தது. சாதனையே வேண்டாம், குழுவாக ஓர் இரட்டையைக் கண்டுபிடிக்கும் அனுபவம் போதும் என்றால் இன்னும் சிறிய அடுக்கே நல்லது. முதல் முறை நடத்துபவர்களுக்கு என் சிபாரிசு அதுதான்.

இன்னொரு நுணுக்கம். சோதனை நிரல்கள் எண்ணைத் துண்டுகளாக்கி ஃபூரியர் உருமாற்றம் என்ற வேகமான பெருக்கல் உத்தியின் வழியாக வர்க்கப்படுத்துகின்றன. உருமாற்றத்தின் அளவு சீராக ஏறாது, படிக்கட்டு போலத் தாவும். ஒரு தாவலுக்குச் சற்றுக் கீழே உள்ள அடுக்கை எடுத்தால் அதே நேரச் செலவில் அதிக இலக்கம் கிடைக்கும். நான்கைந்து அடுக்குகளில் எல்எல்ஆரை ஓடவிட்டு நேரத்தைக் குறித்தால் தாவல் எங்கே என்று தெரிந்துவிடும். உங்கள் தேடல் முடியும்போது குணகம் எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று பார்த்து, அந்த அளவுக் குணகத்தோடு சோதியுங்கள். குணகம் வளர்ந்தாலும் சோதனை மெதுவாகும்.

படி 2: வாய்ப்பைக் கணக்கிட்டு, அதை ஒளிக்காமல் சொல்லுங்கள்

இரட்டைப் பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வரும் என்று சொல்லும் ஹார்டி–லிட்டில்வுட் ஊகம் இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்த இடமெல்லாம் அது சரியாகவே வருகிறது. நமக்குத் தேவையான அளவில் அதன் சாரம் இதுதான்: எண்ணின் இயல் மடக்கையை எடுத்து வர்க்கமாக்கி 1.32-ஆல் வகுங்கள். ஒற்றைப்படைக் குணகங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனால், சராசரியாக அவ்வளவு நீள எல்லைக்கு ஓர் இரட்டை கிடைக்கும்.

333333 என்ற அடுக்கை எடுத்துக்கொள்வோம். 2-இன் இயல் மடக்கை 0.6931; 333333 × 0.6931 என்பது ஏறத்தாழ 2,31,049. குணகத்தின் மடக்கையாக ஒரு 25 சேர்த்தால் 2,31,074. வர்க்கமாக்கி 1.32-ஆல் வகுத்தால் சுமார் 4040 கோடி. அதாவது குணகம் 1-இலிருந்து 4040 கோடி வரை போனால் ஓர் இரட்டையை எதிர்பார்க்கலாம். உண்மையில் கிடைத்தது 6551 கோடியில், சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலே. 195000-க்கு இதே கணக்கு சுமார் 1380 கோடி தரும். கிடைத்ததோ 200 கோடியில். நல்ல அதிர்ஷ்டம்.

இந்த ஏற்ற இறக்கம்தான் தன்னார்வலர்களிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது. சராசரி எல்லை முழுவதையும் முடித்த பிறகும் வெறுங்கையோடு நிற்க 37 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டு மடங்கு போனால் அது 13.5 சதவீதம், மூன்று மடங்கு போனால் 5 சதவீதம். முடித்த பகுதி நமக்கு எதையும் 'சேர்த்து வைப்பதில்லை'. அடுத்த குணகத்துக்கு வாய்ப்பு எப்போதும் கிட்டத்தட்ட அதேதான். "இன்னும் கொஞ்சம்தான், வந்துவிடும்" என்று ஒருங்கிணைப்பாளர் ஒருமுறை சொன்னால் போதும், அது வராத மாதத்தில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். எனவே சராசரியின் மூன்று மடங்குக்குத் திட்டமிடுங்கள். 333333-க்கு அது சுமார் 12,100 கோடி.

படி 3: சல்லடை

12,100 கோடி வரை உள்ள ஒற்றைப்படை, 3-இன் மடங்குக் குணகங்கள் மட்டுமே 2000 கோடிக்கு மேல். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. சிறிய பகா எண்களால் வகுபடுபவற்றை முதலில் கழிக்க வேண்டும்.

அடுக்கை ஏன் நிறுத்தினோம் என்பது இங்கே புரியும். ஒரு சிறிய பகா எண்ணை எடுங்கள். அதற்கு 2^அ-வின் நேர்மாறை (2^அ-வோடு பெருக்கி அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் எண்ணை) ஒரே ஒரு முறை கணக்கிட்டால் போதும். அந்த எச்சத்தில் விழும் குணகங்கள் எல்லாம் −1 பக்கத்தில் வகுபடும்; அதன் எதிர்க்குறி எச்சத்தில் விழுபவை எல்லாம் +1 பக்கத்தில் வகுபடும். அப்புறம் அந்தப் பகா எண்ணின் நீளத்துக்குத் தாவித் தாவி இரண்டு வரிசைகளையும் அடித்துக்கொண்டே போகலாம். அடுக்கும் மாறிக்கொண்டே இருந்தால் இந்த வசதி போய்விடும். 2007-இன் சாதனைக்குப் பயன்பட்ட நியூபிஜென், பின்னால் வந்த டிபிசீவ் இரண்டும் இந்த முறையில்தான் இயங்குகின்றன.

ஆரம்பச் சல்லடையை நீங்களே ஒரு கணினியில் செய்யுங்கள். குணகத்துக்கு ஒரு பிட் என்று வைத்தால் 2000 கோடி பிட், அதாவது சுமார் இரண்டரை ஜிபி நினைவகம். தாங்கும். 10^12 வரை உள்ள பகா எண்களால் சலித்த பிறகு மீதி சுமார் 6.6 கோடிக் குணகங்கள். அங்கிருந்து தன்னார்வலர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

பிரிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. குணக எல்லையைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பதுதான் இயல்பாகத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். இந்த ஆழத்தில் செலவு முழுவதும் ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அந்த நேர்மாறைக் கணக்கிடுவதில்தான். பத்துப் பேர் பத்துத் துண்டுகளைச் சலித்தால் அதே கணக்கைப் பத்துப் பேரும் செய்வார்கள். முழுக் கோப்பையும் எல்லோருக்கும் கொடுத்து, பகா எண் எல்லையைப் பிரியுங்கள்: ஒருவருக்கு 10^12-இலிருந்து 2 × 10^12 வரை, அடுத்தவருக்கு அங்கிருந்து 3 × 10^12 வரை. அவர்கள் திருப்பி அனுப்ப வேண்டியது கண்டுபிடித்த காரணிகளின் பட்டியல் மட்டும். கோப்பு சிறியது. ஒவ்வொரு காரணியும் உண்மையிலேயே வகுக்கிறதா என்று நொடியில் சரிபார்த்து, பிறகு மூலக் கோப்பிலிருந்து நீக்கலாம். சரிபார்க்காமல் நீக்காதீர்கள். பழுதான நினைவகம் கொண்ட ஒரே கணினி உங்கள் இரட்டையையே அடித்துவிடக்கூடும், அது யாருக்கும் தெரியவும் வராது.

எப்போது நிறுத்துவது? விதி எளிது. ஒரு குணகத்தைக் காரணி கண்டு நீக்க ஆகும் சராசரி நேரம், அதைச் சோதித்தே முடிக்க ஆகும் நேரத்தைத் தொடும்போது. ஆழம் கூடக் கூடப் பலன் சுருங்கும். 10^12-இலிருந்து 10^15 போனால் 36 சதவீதம் கழியும். அங்கிருந்து 2 × 10^15 போக, அதுவரை ஆன அளவு உழைப்பை மறுபடியும் போட்டால், கழிவது 4 சதவீதம்.

10^15-இல் நிறுத்தினால் கணக்கு இப்படி நிற்கும்: மீதியுள்ள குணகம் ஒன்றின் ஒரு பக்கம் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு சுமார் 3750-இல் 1. இரண்டு பக்கமும் என்றால் சுமார் 1.4 கோடியில் 1. ஒப்பிட்டுப் பாருங்கள்: 1290000 அடுக்கில் அதே ஆழத்துக்கு 14,500-இல் 1, சுமார் 21 கோடியில் 1.

படி 4: சோதனையைப் பகிர்வது

ஒரு பக்கத்தை மட்டும் சோதிக்கிறோம். அது பகா எண் என்றால் மட்டுமே மறுபக்கம். இரண்டாம் சோதனை 3750-இல் ஒரு முறைதான் வரும் என்பதால் அதன் செலவைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

எந்தப் பக்கம் முதலில்? வாய்ப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். பழக்கத்தில் −1 பக்கத்தை முதலில் பார்ப்பவர்கள் உண்டு. புதிதாகத் தொடங்கினால் நான் +1 பக்கத்தைத்தான் எடுப்பேன். ராபர்ட் கெர்பிச் 2017-இல் முன்வைத்த பிழைச் சோதனை பிரோத் பக்கத்தில் வேலை செய்யும், லூகாஸ் வகைச் சோதனையில் செய்யாது. மிகக் குறைந்த கூடுதல் செலவில், கணக்கின் நடுவே வன்பொருள் தடுமாறினால் அது காட்டிக்கொடுத்து, பின்னால் போய் மறுபடி தொடங்கும்.

இருபது, முப்பது பேர் வரை என்றால் கைமுறைப் பதிவே போதும் என்பது என் கருத்து. ஓர் அட்டவணை: தொடக்கக் குணகம், முடிவுக் குணகம், எடுத்தவர், எடுத்த தேதி, திருப்ப வேண்டிய தேதி, கிடைத்த பகா எண்களின் எண்ணிக்கை, முடிவுக் கோப்பு. ஒரு பங்கு ஒரு சாதாரணக் கணினிக்கு இரண்டு மூன்று நாள் வேலையாக இருக்கட்டும். அதைவிடப் பெரிதாக்கினால் பாதியில் கைவிடுபவர்கள் கூடுவார்கள். சிறிதாக்கினால் அட்டவணையைப் பராமரிப்பதிலேயே உங்கள் மாலைகள் போகும். ஆட்கள் பெருகினால் மார்க் ரோடன்கிர்க்கின் பிஆர்பிநெட் போன்ற வழங்கி மென்பொருள் வேலையைத் தானாகக் கொடுத்து வாங்கும். நூற்றுக்கணக்கில் என்றால், தன்னார்வலர்களின் கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்க பெர்க்லியில் உருவான பாய்ங்க் தளம். பிரைம்கிரிட் அதில்தான் ஓடுகிறது. அதை அமைத்துப் பராமரிக்க ஒருவர் முழு நேரமும் வேண்டியிருக்கும். பிரைம்கிரிட் போன்ற திட்டத்தோடு கைகோத்துக்கொள்வது பல சமயம் அதைவிடப் புத்திசாலித்தனம். 2006-இல் நடந்ததும் அதுதான்.

யாராவது பங்கை எடுத்துவிட்டு மறைந்துபோனால் அலட்டிக்கொள்ளாதீர்கள். நம் இலக்கு ஏதாவது ஓர் இரட்டை. எல்லையில் ஓட்டை விழுந்தால் குடிமுழுகிப் போகாது. கெடு முடிந்ததும் வேறொருவருக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். எல்லாக் குணகத்துக்கும் வாய்ப்பு சமம் என்பதால், துரத்திப் பிடிக்கச் செலவிடும் நேரத்துக்குப் புதிய பங்கு ஒன்றை வெட்டிக் கொடுத்துவிடலாம்.

படி 5: எவ்வளவு சரிபார்ப்பது

மெர்சென் பகா எண் (2^அ − 1 வடிவம்) தேடலில் ஒவ்வொரு அடுக்கும் தனிப்பிறவி. அதைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். அதனால் அங்கே மறுசரிபார்ப்பு கட்டாயம். இங்கே நிலைமை வேறு. நூற்றில் இரண்டு சோதனைகள் தவறாகின்றன என்று வைத்துக்கொண்டாலும் இழப்பது 2 சதவீத வாய்ப்பு. அதை மீட்க எல்லாவற்றையும் இரண்டு முறை செய்தால் செலவு இரண்டு மடங்கு. அதே உழைப்பில் புதிய குணகங்களைச் சோதிப்பதே லாபம். பழுதான கணினிகளையும், ஓட்டாமலே "முடிந்தது" என்று அனுப்புபவர்களையும் மட்டும் பிடித்தால் போதும்.

அதற்கு இலவசமாகவே ஓர் அளவுகோல் கையில் இருக்கிறது. ஒரு பக்கப் பகா எண்கள் 3750-க்கு ஒன்று வர வேண்டும். ஒருவர் 20,000 குணகங்களை முடித்தால் ஐந்துக்குச் சற்று மேல் எதிர்பார்க்கலாம். ஒன்றுகூட வரவில்லை என்றால் அது தற்செயலாக நடக்க வாய்ப்பு 200-இல் 1 தான். உடனே அவர்மேல் சந்தேகப்படாதீர்கள். அவர் பங்கிலிருந்து சில நூறு குணகங்களை வேறு கணினியில் ஓட்டி, 64-பிட் எச்சங்கள் (ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் நிரல் எழுதும் மீதி எண்கள்) ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பகா எண் என்று ஏற்கெனவே தெரிந்த சில குணகங்களைச் சொல்லாமல் பங்குகளில் கலந்து வைப்பதும் உண்டு. அதைச் செய்தால், கலப்பீர்கள் என்பதை விதிமுறையில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

கணினி தப்பாகக் கணக்குப் போடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களை (1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருபவற்றை) கூட்டிக்கொண்டிருந்தபோது 1994-இல் விடைகள் ஒத்துவராததைக் கண்டார். தேடித் தேடிக் கடைசியில் 824633702441 என்ற எண்ணில் போய் நின்றார்: பென்டியம் சில்லு அதன் தலைகீழைத் தப்பாகக் கணக்கிட்டது. இன்டெல் அந்தப் பிழைக்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். இரட்டைப் பகா எண்ணால் உலகுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் இதே கதையைச் சொல்லலாம்.

படி 6: ஆட்கள்

மின்கட்டணத்தையும் சூட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். மடிக்கணினியை இரவு பகலாக முழுச் சுமையில் ஓட்டச் சொல்லாதீர்கள். அலுவலக, கல்லூரிக் கணினிகளில் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதை முதல் விதியாகவே வையுங்கள். 2000-களின் தொடக்கத்தில், இதுபோன்ற ஒரு பகிர்ந்த கணிப்புத் திட்டத்தை அனுமதியின்றிக் கல்லூரிக் கணினிகளில் நிறுவியதற்காக அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கணினி நிர்வாகி குற்ற வழக்கையே சந்தித்தார்.

ஆட்களைத் தக்கவைப்பது, சோடி சேராமல் ஒரு பக்கத்தில் மட்டும் கிடைக்கும் பகா எண்கள்தான். ஓர் இரட்டைக்கு முன் ஆயிரக்கணக்கில் அவை வரும். ஒரு லட்சம் இலக்கத்தில் தனக்கென்று ஒரு பகா எண் கிடைத்தவர் அவ்வளவு சீக்கிரம் விலக மாட்டார். ஒவ்வொன்றையும் கண்டவர் பெயரோடு பட்டியலிடுங்கள். புனைபெயர் போதும் என்பவர்களுக்குப் புனைபெயர். இரட்டை கிடைத்தால் யார் பெயரில் அறிவிப்பது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். முதல் பக்கத்தைக் கண்ட கணினியின் உரிமையாளர், குழு, சல்லடை நிரல், சோதனை நிரல் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே சொல்வது இந்தத் துறையில் நிலைத்துவிட்ட வழக்கம். சல்லடைக்கு உழைத்தவர்களின் பெயர்களும் விட்டுப்போகக் கூடாது.

படி 7: கிடைத்தபின்

முதலில் வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கங்களையும் வேறு தயாரிப்புச் செயலி உள்ள கணினியில், முடிந்தால் வேறு நிரலிலும் மறுபடி நிரூபியுங்கள். கண்டவரிடம் சொல்லி, பெயரை வெளியிடச் சம்மதம் வாங்குங்கள். பிறகு பிரைம் பேஜஸ் தரவுத்தளத்தில் பதிவு செய்யுங்கள். பெரிய பகா எண்கள் 5000-இன் பட்டியல் அங்கே இருக்கிறது. அந்தப் பட்டியலின் நுழைவெல்லை ஏறிக்கொண்டே போகும், ஆனால் இரட்டைகளில் முதல் 20-க்கு அங்கே தனி இடம் உண்டு. அவர்களும் தங்கள் கணினியில் சரிபார்த்த பிறகே ஏற்பார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் பங்குகளை என்ன செய்வது? அதே அடுக்கில் தொடரலாம், சல்லடைக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. அல்லது மேலே போகலாம். போனால் பழைய கோப்பு ஒன்றுக்கும் உதவாது, புதிய அடுக்குக்கு முதலிலிருந்து சலிக்க வேண்டும். எதுவானாலும் முடிவுக் கோப்புகளை மட்டும் அழிக்காதீர்கள். −1 பக்கத்தை முதலில் சோதித்திருந்தால், அதில் வந்த ஒவ்வொரு பகா எண்ணையும் இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டிப் பாருங்கள். அதுவும் பகா எண் என்றால் முதலாவது ஒரு சோஃபி ஜெர்மேன் பகா எண். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகும் வாய்ப்பு சில சதவீதம்தான். ஆனால் பெரும்பாலானவை சிறு காரணிகளிலேயே விழுந்துவிடும், மீதியைச் சோதிக்க அதிகச் செலவும் ஆகாது.